எக்ஸாஸ்டட் – கடிதம்

ஐயா, வணக்கம்.

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்ட அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். போன வாரம் மூட்டை சுமந்து மேடு ஏறிய ஆட்கள் ஓய்ந்துபோய், மறுநாள் காயெடுப்புக்குப் பாதிப்பேர்தான் வந்தார்கள். அதைக் கொச்சி அலுவலகத்துக்கு மெயிலில் தெரிவிக்க, 'வொர்க்கர்ஸ் ஆர் வெரி எக்ஸாஸ்டட் ஆஃப் கேரியிங் பேக்ஸ். இட் இஸ் எ வெரி எக்ஸாஸ்டிவ் வொர்க்' என்று எழுதினேன். மேனேஜர் 'வெரி', 'ஆஃப்', 'எக்ஸாஸ்டிவ்' மூன்றுக்கும் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். காரணம் சொல்லவில்லை. 'டயர்ட்' என்பதைவிடப் பெரிய சொல் என்றுதான் இதைப் போட்டேன். எங்கே பிழை?

– ஒரு வாசகி, கம்பம்

அன்புள்ள சகோதரி,

மூன்று வட்டங்களில் 'ஆஃப்' மேல் போட்டதுதான் முக்கியமானது. தமிழில் 'அலுப்பு' இரண்டு வேலை செய்கிறது. மூட்டை தூக்கியதால் உடம்பு அலுப்பாக இருக்கிறது என்போம். தினம் தினம் இதே வேலை, அலுத்துப்போச்சு என்றும் சொல்வோம். முதலாவது உடம்பின் களைப்பு, இரண்டாவது மனச்சலிப்பு. ஆங்கிலத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது அடுத்து வரும் சிறு சொல். 'டயர்ட் ஃப்ரம் கேரியிங்' என்றால் சுமந்ததால் வந்த களைப்பு. 'டயர்ட் ஆஃப் கேரியிங்' என்றால் சுமந்து சுமந்து வெறுத்துவிட்டது, இனி மாட்டோம் என்கிறார்கள் என்று அர்த்தம். 'எக்ஸாஸ்டட்' உடன் 'ஆஃப்' வழக்கிலேயே இல்லை. இருந்தாலும் படிப்பவர் மனம் 'டயர்ட் ஆஃப்' பக்கமே போகும். கொச்சியில் இருப்பவர் அதைப் படித்தால், ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நேர்மையாக உழைத்து ஓய்ந்தவர்கள்மேல் ஓர் எழுத்துப்பிழையால் அப்படியொரு பெயர் விழக்கூடாது.

'எக்ஸாஸ்டட்' பின்னால் ஃப்ரம், பை, ஆஃப்டர் மூன்றில் ஒன்றைப் போடுங்கள். செய்த வேலையைச் சொல்ல 'ஃப்ரம் கேரியிங்'. களைக்க வைத்த பொருளைச் சொல்ல 'பை தி கிளைம்', அதாவது மேடேற்றத்தால். எதன் பிறகு என்று சொல்ல 'ஆஃப்டர் எ லாங் டே'. ஐயம் வந்தால் 'ஆஃப்டர்' போட்டுவிடுங்கள், எங்கும் உறுத்தாது.

அடுத்து 'வெரி'. 'எக்ஸாஸ்டட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். நீரை முழுக்க வெளியே இறைத்துவிடுவது என்பது பொருள். கிணற்றில் தரை தெரியும்வரை இறைத்தபின் 'ரொம்ப வற்றிவிட்டது' என்று அளவு சொல்ல என்ன இருக்கிறது? 'சுத்தமாக வற்றிவிட்டது' என்போம். அதே கணக்குதான். 'அப்ஸல்யூட்லி எக்ஸாஸ்டட்', 'கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்' சரி. 'ஸோ எக்ஸாஸ்டட்' என்பதும் புழக்கத்தில் உண்டு. பேச்சில் 'வெரி' காதில் விழலாம், எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். 'டயர்ட்' அப்படியல்ல. அதற்குப் படிகள் உண்டு, 'வெரி' தாராளமாக வரும்.

ஆகவே இதை 'டயர்ட்' என்பதன் பெரிய அளவு என்று மட்டும் நினைக்காதீர்கள். மிச்சம் எதுவும் இல்லை என்பதே இதன் உயிர். மனிதருக்கு மட்டுமல்லாமல் பொருளுக்கும் இது வருவது அதனால்தான். இருப்பு தீர்ந்தால் 'ஸ்டாக் இஸ் எக்ஸாஸ்டட்'. விடுப்பு முழுதும் எடுத்தாயிற்று என்றால் 'லீவ் எக்ஸாஸ்டட்'. ஓயாமல் பயிர் வைத்துச் சத்திழந்த மண் 'எக்ஸாஸ்டட் சாயில்'. வண்டியின் புகைக்குழாய்க்கு 'எக்ஸாஸ்ட்' என்று பெயர் வந்ததும் உள்ளிருப்பதை வெளியே தள்ளுவதால்தான்.

'எக்ஸாஸ்டிவ்' வேறு ஆள். எதுவும் விடுபடாத, முழுமையான என்று பொருள். எல்லாத் தொழிலாளர் பெயரும் உள்ள பட்டியல் 'எக்ஸாஸ்டிவ் லிஸ்ட்'. ஆளைக் களைக்க வைக்கும் வேலை 'எக்ஸாஸ்டிங்'. களைத்த ஆள் 'எக்ஸாஸ்டட்'. களைப்பு நிலை 'எக்ஸாஸ்ஷன்'. 'ஐ ஆம் எக்ஸாஸ்டிங்' என்று தவறிச் சொன்னால், நான் பிறரைக் களைக்க வைக்கிறவள் என்றாகிவிடும். மேனேஜர் வட்டம் போடாத பிழை இன்னொன்று உண்டு. 'வொர்க்' இந்தப் பொருளில் எண்ணக்கூடியதல்ல, முன்னால் 'எ' வராது.

உச்சரிப்பில் நடுவிலுள்ள ஹெச் ஒலிக்காது. அழுத்தம் இரண்டாவது அசைக்கு, கடைசி 'டிட்' போல ஒலிக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் மலையாளம் பேசுகிறவர்கள் எதற்கும் 'க்ஷீணம்' என்பார்கள். மதியத் தூக்கக் கலக்கமும் க்ஷீணம், காய்ச்சலுக்குப் பிறகான பலவீனமும் க்ஷீணம். ஒவ்வொரு க்ஷீணத்தையும் 'எக்ஸாஸ்டட்' ஆக்கினால், உண்மையிலேயே ஒருவர் விழும் நிலையில் இருக்கும்போது கொச்சியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தரையோடு கிடக்கும் ஏலக்காய்ச் சரத்திலிருந்து நாள் முழுக்கக் குனிந்து காயெடுத்தவர் 'டயர்ட்'. ஈர மூட்டையோடு மேடேறி, சோறு அள்ளக் கை எழாமல் உட்கார்ந்தவர் 'எக்ஸாஸ்டட்'. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் 'வீக்'.

இதைவிடக் கவனம் தேவைப்படும் இடம் 'ஹீட் எக்ஸாஸ்ஷன்'. இது மருத்துவப் பெயர். வெயிலில் மிகுதியாக வியர்த்து, தலைசுற்றி, குமட்டல் வரும் நிலை. நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, உடம்பைக் குளிர்வித்து, விழுங்க முடிந்தால் தண்ணீரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கொடுக்க வேண்டும். உளறல், குழப்பம், நினைவு தப்புதல், உடல்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுதல் என்றால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்'. உடனே உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விபத்துப் பதிவேட்டில் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மெயிலை இப்படி அனுப்பலாம்: 'தி வொர்க்கர்ஸ் வேர் எக்ஸாஸ்டட் ஆஃப்டர் கேரியிங் தி பேக்ஸ் அப்ஹில். இட் வாஸ் எக்ஸாஸ்டிங் வொர்க், அண்ட் ஒன்லி ஹாஃப் ஆஃப் தெம் கேம் தி நெக்ஸ்ட் டே.' நடந்து முடிந்ததைச் சொல்வதால் 'ஆர்' இருந்த இடத்தில் 'வேர்' வந்திருக்கிறது.