கார் ஏறிய மாடி

வணக்கம் ஐயா,

அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே பீர் காய்ச்சி விற்கிறார்கள், மேலே வாடகை வீடுகள். அங்கே குடிவந்த நண்பரைப் பார்க்கப் போனேன். லிஃப்டில் யானையே ஏறலாம், அவ்வளவு பெரிசு. விசாரித்தால், 1920-களில் அது கார் ஷோரூமாம், காரை மேலே ஏற்றுவதற்கான லிஃப்டாம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் காரை எதற்கு மாடிக்கு ஏற்றினார்கள்? இன்னொன்று, வாசலில் வரலாற்றுச் சின்னம் என்று ஒரு பித்தளைப் பலகை. ஆயிரம் வருஷக் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வராதா?

கே.

அன்புள்ள கே,

வரும். எனக்கும் முதலில் வந்தது. பலகையை அப்புறம் பார்ப்போம், லிஃப்ட் இன்னும் சுவாரசியமானது.

சோளக்காட்டில் இடம் கிடக்கும், கடைத்தெருவில் கிடக்காது. அந்த ஊர்களில் கடைத்தெரு மனை பெரும்பாலும் 25 அடி அகலம்தான். கார் விற்க வந்தவர்களில் பலர் அதற்கு முன் குதிரை வண்டியோ இரும்புச் சாமானோ விற்றவர்கள், அல்லது கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர்கள். ஸ்டூட்பேக்கர் என்ற கார்க் கம்பெனியே 1852-இல் வண்டிப் பட்டறையாகத் தொடங்கியதுதான். சனிக்கிழமை சாமான் வாங்க வரும் விவசாயி பேங்குக்கும் தபாலாபீசுக்கும் நடுவே காரைக் கண்ணாடி வழியே பார்த்தாக வேண்டும். ஆகவே இரண்டு மூன்று மனையைச் சேர்த்து வாங்கி, பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே போனார்கள்.

காரும் அன்றைக்கு ரயிலில்தான் வந்தது. ஒரு கூட்ஸ் பெட்டியில் முழுக் கார் மூன்று நான்குக்கு மேல் கொள்ளாது. எனவே சக்கரம், மட்கார்டையெல்லாம் கழற்றி அடுக்கி அனுப்புவார்கள். வந்து இறங்கியதைப் பூட்டிக் காராக்குவது டீலரின் மெக்கானிக் வேலை. அதற்கு வெளிச்சமான மாடி தோதாக இருந்தது. பெயின்ட் அடிப்பதையும் கீழ்த்தளத்துப் புழுதிக்குத் தப்பி மேலே வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

அப்புறம் பனிக்காலம். சாலை சேறும் பனியுமாகக் கிடக்கும், காருக்குக் கூரை என்று சொல்லிக்கொள்ள ஒரு துணி, ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் எஞ்சினிலேயே விரிசல் விழும். எனவே சொந்தக்காரர்கள் காரை டீலரிடம் விட்டுவிட்டு வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்வார்கள், அதுவரை வாடகை. நம் வீட்டில் பெரிய அண்டாவைப் பரணில் போட்டு வைத்து, விசேஷத்துக்கு இறக்குவார்களே, அதேபோல. உங்கள் நண்பர் இப்போது குடியிருப்பது அந்த ஊரின் கார்ப் பரண்.

ஃபோர்டின் மாடல் டி கார் வகையைப் பொறுத்து சுமார் 540 முதல் 750 கிலோ. அதில் இருபது முப்பதை மாடியில் நிறுத்த வேண்டுமானால் தரையை எப்படிப் போட்டிருப்பார்கள்! கீழே வண்டி திரும்ப வசதியாக நடுவில் தூண் அதிகம் இல்லாத பட்டறை, கழுவிய தண்ணீர் வடிய வாட்டமான கான்கிரீட் தரை, பின்னால் அகலக் கதவு. பீர் காய்ச்சுகிறவர் தேடுவதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சோபா விற்கிறவருக்கு முன்பக்கக் கண்ணாடி போதும். இப்படியே பழைய ஷோரூம்கள் நூலகம், தேவாலயம், பழம்பொருள் கடை என்று ஊருக்கு ஒன்றாக மாறியிருக்கின்றன.

"இடம்தான் இருக்கிறதே" என்ற உங்கள் கேள்வி டீலர்களுக்கு உறைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். கார் நீண்டது, அகலமானது. மாடலும் நிறமும் பெருகின. எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய வண்டிகள் குவிந்தன. நெடுஞ்சாலையோரம் காட்டை வளைத்து வரிசையாக நிறுத்தி விற்கப் போய்விட்டார்கள். போகாதவர்களில் பலரைக் கம்பெனியே கைவிட்டது. சில கார்களே நின்றுபோயின: ஹட்சன் 1957-இல், பேக்கார்டு 1958-இல். 2009-இல் திவாலான கிரைஸ்லர் ஒரே அறிவிப்பில் 789 டீலர்களைக் கழற்றிவிட்டது.

கார் மியூசியமாக மாறியவையும் உண்டு. மிச்சிகனில் இப்சிலான்டி என்ற ஊரில், ஹட்சன் பெயரே சந்தையில் இல்லாமல் போன பிறகும் நீடித்த கடைசி ஹட்சன் டீலர் கடை இன்று மியூசியம்.

இந்தியானாவில் ஆபர்ன் என்ற ஊரின் கார் மியூசியத்துக்குப் போயிருக்கிறேன். ஃபோர்ட் வேயின் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு மதியம், அரை மணி நேரப் பயணம். இந்தக் கட்டடம் டீலர் கடை இல்லை, ஆபர்ன் கார் கம்பெனி 1930-இல் கட்டிய தலைமை அலுவலகமும் ஷோரூமும். ஊரின் மக்கள்தொகை இன்றைக்கே சுமார் 13,000தான். உள்ளே போனால் அலங்கார விளக்குகள், அரண்மனை மாடிப்படி, நம் ஊரில் எழுபதுகளில் வீட்டுக்கு வீடு போட்ட மொசைக் தரையின் பணக்காரப் பெரியப்பா போல ஒரு தரை. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்துகொண்டிருந்த வருஷத்தில் இதைக் கட்டியிருக்கிறார்கள்! 1937-இல் கார் உற்பத்தி நின்றது. 1960 வரை அதே கட்டடத்தில் அந்தக் கார்களுக்கு உதிரி பாகம் விற்றார்கள். 1974-இல் மியூசியம் ஆனது. நான் கார்களைவிடத் தரையைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று உறவினருக்கு வருத்தம்.

நெப்ராஸ்காவில் பியர்ஸ் என்று ஓர் ஊர், சுமார் 1,800 பேர்தான். அங்கே 1946-இல் திறந்து 1996-இல் மூடிய லாம்பிரெக்ட் செவர்லே கடையின் உரிமையாளர், வருஷக் கடைசியில் விற்காமல் நின்ற புது வண்டியைத் தள்ளுபடியில் தள்ளிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டார். எக்ஸ்சேஞ்சில் வந்தவையும் சேர்ந்தன. 2013 செப்டம்பரில் சுமார் 500 வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஊர் ஜனத்தைப் போலப் பல மடங்கு கூட்டம். 1958 மாடல் கேமியோ பிக்கப் ஒன்று, மொத்தமே 1.3 மைல் ஓடியது, 1,40,000 டாலருக்குப் போனது. மற்ற ஊர்களில் கார் போய்க் கட்டடம் மிஞ்சியது. இங்கே கடை மூடியும் கார் மிஞ்சியது.

சரி, பித்தளைப் பலகை. வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் சேர, பொதுவாக 50 வயது ஆகியிருந்தால் போதும். நமக்கு அது ரிட்டயர் ஆகக்கூடப் போதாத வயது. ஆனால் பலகைக்குப் பின்னால் பணம் இருக்கிறது. தகுதி பெற்ற பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் கடையோ வாடகை வீடோ ஆக்கினால், செலவில் 20 சதவீதம் வரை மத்திய அரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டுக்குக் கிடையாது. பதிலுக்கு முன்பக்கக் கண்ணாடியைச் செங்கல் வைத்து அடைக்கிற மாதிரி, கட்டடத்தின் முகத்தைக் கெடுக்கும் வேலை எதுவும் செய்யக்கூடாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பூட்டி வைத்துச் சாவியைத் தொலைப்பதற்கு, பீர் காய்ச்சுவது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை போகும்போது கட்டடத்தின் பின் சந்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். சுவரில் பழைய கம்பெனிப் பெயர் மங்கலாகத் தெரியலாம். வாசல் நடைபாதையில் வட்டமாக இரும்பு மூடி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் பம்பை அப்போது தெரு ஓரத்திலேயே வைத்து, தொட்டியைப் பூமிக்குள் புதைத்திருப்பார்கள். இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், யானை லிஃப்டையும் சேர்த்து.