விலங்குகளோடு வேலை, விடாத தும்மல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மருந்து ஆய்வகத்தில் எலிக் கூண்டுகளைச் சுத்தம் செய்கிறேன். முதல் வருஷம் ஒன்றுமில்லை. இப்போது கூண்டைத் திறந்தாலே தும்மல். ராத்திரியில் இளைப்பும் வருகிறது. செட்ரிசின் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். தும்மல் அடங்கும், ஆனால் மூச்சுக்குழாய் சுருங்குவது நிற்காது. இந்த ஒவ்வாமை உருவாகவே மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு 2, 3 வருஷம்கூட. "இத்தனை நாள் வராதது இப்போது ஏன்?" என்று பலர் குழம்புவது அதனால்தான்.

முக்கியக் காரணம் எலியின் சிறுநீரில் உள்ள புரதம். ஆண் எலிகளிடம் இது அதிகம். காய்ந்ததும் கூண்டில் பரப்பிய மரத்தூளோடு சேர்ந்து பறக்கும். பழைய தூளைக் கொட்டும்போதுதான் அதிகமாக மூச்சில் ஏறும். காற்றை உறிஞ்சி வடிகட்டும் மேடையில் வைத்துக் கொட்டுங்கள். சர்ஜிக்கல் மாஸ்க் பத்தாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வேண்டும். வேலை உடுப்பை அங்கேயே கழற்றிவிடுங்கள்.

அப்புறம், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள். தினமும் 4 முறை ஊதி, லீவு நாட்களையும் சேர்த்து 2 வாரமாவது எழுதி வையுங்கள். லீவில் அளவு ஏறி, வேலைக்குப் போனதும் இறங்கினால் நுரையீரல் மருத்துவருக்கு அதுவே நல்ல தடயம். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். இளைப்போடு அதே அறையில் வருஷக்கணக்கில் இருந்தால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடலாம். எலி இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

கேள்வி: நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வேலை. எரு அள்ளிய அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம். மறுநாள் சரியாகிவிடுகிறது. தும்மலே இல்லை. இதுவும் ஒவ்வாமையா?

பதில்: ஆமாம், இது வேறு வகையாக இருக்கலாம். எச்சம், இறகுத் தூசியால் நுரையீரலின் காற்றுப் பைகளே வீங்குகின்றன. தூசி பட்டு 4 முதல் 8 மணி நேரம் கழித்து வருவதால் யாரும் பண்ணையோடு முடிச்சுப் போடுவதில்லை. சளிக்காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழலாம், அது மறையாது. தொழிலை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் தேவைப்படும். அதுவரை எரு அள்ளப் போகாதீர்கள்.

கேள்வி: நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் வேலை. முடி குட்டையான இனங்களை மட்டும் எடுத்தால் தொல்லை குறையுமா?

பதில்: குறையாது. ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது.

கேள்வி: கால்நடை மருத்துவம் படிக்கிறேன். கையுறை போட்டால் கை அரிக்கிறது. மாட்டு ஒவ்வாமையா?

பதில்: கையுறையின் ரப்பராகவும் இருக்கலாம். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறைக்கு மாறிப் பாருங்கள். அதிலும் அரித்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள்.