எங்கள் தெருவில் நான்கு சாவு: அடுத்து நானா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் நான்கு சாவு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா (81), என் அப்பா (74), என் மனைவியின் அண்ணன் (47), எதிர்வீட்டுப் பையன் (22). பையன் பைக் விபத்தில் போனான். மற்ற மூவருக்கும் ஹார்ட் அட்டாக் என்றார்கள். மச்சான் ராத்திரி நெஞ்சைப் பிசைகிறது, வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார், விடியும்போது இல்லை. அப்பாவின் சான்றிதழில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதியிருக்கிறது. இப்போதெல்லாம் சாவு அதிகமாகிவிட்டதா? தடுப்பூசிதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை, டெஸ்ட் எதுவும் எடுத்ததில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட் உண்டு. கல்லூரியில் படிக்கும் மகனுக்கும் எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாமா?

பதில்: அப்பாவையும் மச்சானையும் அடுத்தடுத்து இழந்திருக்கிறீர்கள். இந்த நிலையில் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தப் பயத்தோடு ஒரு கடிதம் எழுதியது நல்ல காரியம்.

நீங்கள் நான்கு சாவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறீர்கள். நான் முதலில் வயதைத்தான் பார்த்தேன். 81, 74, 47, 22. இந்த நான்கும் ஒரே கேள்வி இல்லை. 81 வயதுப் பெரியம்மாவின் மரணத்தில் மருத்துவத்துக்குப் பெரிய வேலை இருந்திருக்காது. 47க்கும் 22க்கும் நடந்தவை தடுத்திருக்கக் கூடியவை. அந்த இரண்டையும் நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாவு அதிகமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா இளைஞராக இருந்த காலத்தைப் பாருங்கள். 1971ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ல் அது 13. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருவரின் சராசரி ஆயுள் சுமார் 50 ஆண்டுகள்தான். இன்று 70ஐத் தாண்டிவிட்டது. பிரசவத்தில் தாய் இறப்பது 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு 54. இந்தியா முழுவதற்கும் அது 97. அன்று பேதி, நிமோனியா, அம்மை, பேறுகாலக் கோளாறு, காசநோய் இவைதான் ஆளைக் கொண்டுபோயின. தடுப்பூசியும், ஊருக்கு ஊர் வந்த ஆரம்ப சுகாதார நிலையமும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் அந்த வாசல்களை ஏறக்குறைய அடைத்துவிட்டன. தப்பித்த குழந்தைகள் வளர்ந்து இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான். வயதானவர்கள் கூடினால் தெருவில் சாவு வீடும் கூடத்தான் செய்யும். கொரோனா பரவிய 2020, 2021 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அந்த இரண்டு வருடமும், குறிப்பாக 2021ன் இரண்டாம் அலையில், சாவு நிஜமாகவே எகிறியது.

இப்போது எதனால் அதிகம் இறக்கிறோம்? முதலிடம் இதயமும் ரத்தக்குழாயும்: மாரடைப்பு, பக்கவாதம். அப்புறம் நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய், சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய். இந்தியா முழுவதும் 1990ல் நடந்த மரணங்களில் 37.9 சதவீதம் இப்படிப்பட்ட தொற்றாத நோய்களால் வந்தவை. 2016ல் அது 61.8 சதவீதம். இந்த மாற்றத்தில் கேரளா, கோவாவோடு சேர்ந்து முன்னால் போனது தமிழ்நாடு.

அப்பாவின் சான்றிதழுக்கு வருகிறேன். 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்றால் இதயமும் மூச்சும் நின்றன என்று பொருள். எந்த நோயில் இறந்தாலும் கடைசியில் அப்படித்தான் நிற்கும். அதனால் அது மாரடைப்பு என்று அர்த்தமில்லை. மரணக் காரணப் படிவத்தில் வரிசையாக இடம் விட்டிருப்பார்கள்: உடனடியாக உயிரைப் பறித்தது எது, அதற்கு வழிவிட்டது எது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் எது. அரசின் கணக்கில் ஏறுவது கடைசியாகச் சொன்ன அடிப்படை நோய்தான். அதை எழுதாமல் 'அரெஸ்ட்' என்று மட்டும் எழுதிவிட்டால் கணக்கும் பாழ், குடும்பத்துக்கும் ஒன்றும் தெரியாது. இதில் என் போன்ற மருத்துவர்கள் இன்னும் அக்கறையாக இருக்க வேண்டும். 2020ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதியது 22.5 சதவீதத்துக்கு மட்டுமே. வீட்டில் நடக்கும் சாவுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உறவினர் சொல்வதுதான் காரணம். 'திடீர்னு நெஞ்சு வலி', 'வயசாயிருச்சு' என்பதோடு முடிந்துவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா, பி.பி. மாத்திரை சாப்பிட்டாரா, கால் வீங்கியிருந்ததா? டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் தேடி எடுத்துவையுங்கள். உங்கள் உடம்பைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது பயன்படும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் மரணக் காரணச் சான்றின் ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023 சட்டத் திருத்தம் சொல்கிறது. இனிமேலாவது கேட்டு வாங்குங்கள்.

மச்சானின் மரணம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நாற்பதுகளில் இருக்கும் ஆண், நெஞ்சில் பிசைவு, வாய்வு என்று சோடா, இஞ்சிச்சாறு, ஒரு ஜெலுசில், அப்புறம் தூக்கம். இதே கதையை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல, இறுக்குவது போல பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அது தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், கூடவே வியர்த்துக் கொட்டினால், அதை மாரடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்வா இல்லையா என்பதை இ.சி.ஜி. சொல்லட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக, வியர்வையாக, படபடப்பாகக்கூட வரும். 108க்குப் போன் செய்யுங்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2023 ஜூனிலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாக அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதய ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, அதை விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தசை செத்துக்கொண்டே இருக்கும். விடியட்டும் என்று காத்திருந்ததில்தான் உங்கள் மச்சான் போனார். உங்கள் மனைவியோ மச்சானின் மனைவியோ அதற்காகத் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் அந்த அடைப்பு அன்று ராத்திரி வந்ததல்ல. பத்துப் பதினைந்து வருடமாக ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்துகொண்டே வந்திருக்கும். பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை எல்லாம் அதற்கு உரம். 'எனக்கு ஒரு நோயும் இல்லை, டெஸ்ட் எதுவும் எடுத்ததில்லை' என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். டெஸ்ட் எடுக்காதவருக்கு நோய் இல்லை என்று எப்படித் தெரியும்? 2020ல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இதைவிடக் கவலை தருவது அடுத்த கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள். 'தலைசுற்றல் போயிருச்சு, நிறுத்திட்டேன்' என்பார்கள். பி.பி.க்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள், நோய் இருந்தால் மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு அவர்கள் வரும் நேரத்தில் நீங்கள் கடையில் இருப்பீர்கள். நம் ஆண்கள் விட்டுப்போவது இப்படித்தான். கடைக்கே வரச்சொல்லுங்கள், அல்லது ஒரு காலை நேரம் ஒதுக்கி சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொலஸ்ட்ரால், சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஒரு இ.சி.ஜி. இவ்வளவு போதும். பல ஆயிரம் ரூபாய் 'முழு உடல்' பேக்கேஜ் உங்களுக்குத் தேவையில்லை. பி.பி. 140/90ஐத் தொட்டால் வேறொரு நாளும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தினம் இலையில் வைக்கும் வழக்கம் இருந்தால் குறையுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

தடுப்பூசி பற்றி: இந்தச் சந்தேகம் பலருக்கும் இருக்கிறது, அதனால் தட்டிக்கழிக்க மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரை எடுத்து, அதே போன்ற வயதுடைய 2,916 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2023ல் முடிவு வந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிக் குடித்தது, வழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி இவைதான் ஆபத்தைக் கூட்டின.

நாலைந்து சிகரெட்தானே என்று நினைக்கிறீர்கள். இதய விஷயத்தில் புகைக்கு அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்குக் கூடும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களின் குடும்பங்களை விசாரித்து எழுதிய ஆய்வு ஒன்று 2003ல் வந்தது. ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அது காட்டியது. காசநோய் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2022லிருந்து நம் மாநிலத்தில் காசநோய் கண்டறிந்தவுடனே எடை மிகக் குறைவா, மூச்சு வாங்குகிறதா, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் பலர் இறக்கிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. நீங்கள் கடையில் சிகரெட் விற்பவராகவும் இருக்கலாம். அப்படியானால் முதலில் கைக்கெட்டும் இடத்திலிருந்து அந்தப் பெட்டியை மாற்றுங்கள்.

மகனுக்கு அத்தனை டெஸ்டும் வேண்டாம். பி.பி.யும் எடையும் பார்த்தால் போதும். இருபது வயதில் உயிரைப் பறிப்பது கொலஸ்ட்ரால் இல்லை. 2022ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். அதே ஆண்டில் தற்கொலையில் இழந்தவர்கள் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நம் பிள்ளைகளை இழப்பது இந்த இரண்டிலும்தான். எதிர்வீட்டுப் பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகன் பைக் எடுத்தால் ஹெல்மெட்டை வாரோடு மாட்டச் சொல்லுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்கிக்கொடுங்கள். விபத்து என்றால் பணத்துக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம்: 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், அரசோ தனியாரோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு. அவனோடு உட்கார்ந்து பேசவும் செய்யுங்கள். தேர்வு, கடன், காதல் எதுவானாலும் வீட்டில் சொல்லலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் யாருக்காவது வாழ்வே வெறுத்துப்போனால் 104, 14416 இரண்டு எண்களிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காத ஒன்று. மச்சான் போனதும் நீங்கள் உங்களுக்காகப் பயப்படுகிறீர்கள். ரத்த உறவில் பார்த்தால் அவர் உங்கள் மனைவியின் அண்ணன். ஒரு ஆண் 55 வயதுக்குள் மாரடைப்பில் போனால் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். உங்கள் அப்பா 74ல் இறந்தது அந்தக் கணக்கில் வராது. அதனால் உங்களுக்குச் சொன்ன அத்தனை டெஸ்டையும் உங்கள் மனைவிக்கும் எடுங்கள். அதே நாளில் மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு நிலையங்களில் இலவசம், தமிழ்நாட்டுப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்கள் இவை இரண்டும்தான். மச்சானின் பிள்ளைகள் இருபதைத் தாண்டியிருந்தால் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். சிலருக்குப் பரம்பரையாகவே கெட்ட கொழுப்பு மிக அதிகமாக இருக்கும். 190க்கு மேல் இருந்தால் இளம் வயதிலேயே மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்ததும் எல்லாருடையதையும் ஒரே உறையில் போட்டு, ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.