எம்ஆர்ஐ வலப்பக்கம், இஇஜி இடப்பக்கம்: எதை நம்புவது?

வலிப்பு நோய்க்கு ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்கையில், உங்கள் தம்பியின் எம்ஆர்ஐ ஸ்கேன் மூளையின் வலப்பக்கத்தில் பாதிப்பையும், இஇஜி (தலைத்தோலில் மின்முனை ஒட்டி எடுக்கும் மூளை மின்பதிவு) இடப்பக்கத்தில் வலிப்பையும் காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டில் எதையும் தனியாக நம்பி ஆபரேஷனுக்குப் போக முடியாது. மூளைக்குள் மின்முனை செருகிப் பதிவு எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னது அதனால்தான்.

உங்கள் தம்பிக்கு வலது ஹிப்போகேம்பஸ் (மூளையின் உள்ளே இருக்கும், நினைவாற்றலுக்கான பகுதி) ரொம்பவே சுருங்கியிருக்கிறது என்கிறீர்கள். அங்கே வலிப்பு தொடங்கினாலும் சில சமயம் தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகளுக்கு அது எட்டாமல், எதிர்ப்பக்கத்துக்குப் பரவிய பிறகுதான் தெரியவரும், அதாவது இஇஜி காட்டுவது புறப்பட்ட இடமல்ல, போய்ச் சேர்ந்த இடமாக இருக்கலாம்.

வலிப்பு வந்தபோது எடுத்த வீடியோ இருந்தால் பாருங்கள், எந்தக் கை முறுக்கிக்கொண்டு விறைக்கிறது? இடக்கை என்றால் தொடக்கம் பெரும்பாலும் வலது மூளை. அப்புறம், இஇஜி மாறுவதற்கு எத்தனை நொடி முன்பே தம்பியின் நடத்தை மாறியது என்றும் டாக்டரிடம் கேளுங்கள்; நடத்தை முன்பே மாறியிருந்தால், இஇஜி பரவிய பிறகுதான் வலிப்பைப் பிடித்திருக்கலாம்.

ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தொடங்குபவர்களும் உண்டு. சோதித்துப் பார்க்கிறேன் என்று மாத்திரையை மட்டும் வீட்டில் குறைத்துவிடாதீர்கள்.