ரப்பர் வெட்டிய விளையை உழலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி மண்ணைப் பற்றியவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான விளை (மேட்டுத் தோட்டநிலம்). பழைய ரப்பரை வெட்டி விற்றாயிற்று. பெரும்பகுதியில் வாழையும் கமுகும் வைக்கிறோம். ஓடையை நோக்கிச் சரிந்து கிடக்கும் 25 சென்டைக் குருவிகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் விட வேண்டும் என்பது என் ஆசை. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே மான்களுக்கென்றே பயிர் விதைக்கிறார்கள், அதையும் உழாமல் செய்கிறார்கள் என்கிறான். இங்கே டிராக்டர்காரர் இரண்டு தடவை ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டாமல் ஒன்றும் முளைக்காது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகி

பதில்: இந்த விஷயத்தில் அக்கா மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் அங்கே என்ன விதைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எப்படி விதைக்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குளோவர், ரை, டர்னிப் போன்ற குளிர்காலப் பயிர்களை வெள்ளைவால் மான்களுக்காக விதைக்கிறார்கள், பெரும்பாலும் வேட்டைக்காக. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம், அந்தப் பயிர்களும் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துவராது. நின்றிருக்கும் களைக்குள் விதையைத் தூவிவிட்டு, அந்தக் களையையே வெட்டி மேலே சாய்த்து மூடிவிடுகிறார்கள் பாருங்கள், அந்த முறை மட்டும் நமக்கு நன்றாகவே பொருந்தும். பலர் களைக்கொல்லி அடித்துவிட்டு விதைப்பதும் உண்டு. பட்டாம்பூச்சிக்காக விடும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். நமக்கு வெட்டுக்கத்தி போதும்.

ஏன் உழக்கூடாது என்று சொல்கிறேன். உங்கள் நிலம் சரிவு, அதுவும் செம்புரை மண். வருடத்தில் இரண்டு மழை, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ரப்பர் நின்ற இத்தனை வருடமாக விழுந்த இலை மக்கி மேலே நாலு விரல் கனத்துக்கு ஒரு கறுத்த மண் உண்டாகியிருக்கும், நிலத்தின் சொத்தே அதுதான். ரோட்டவேட்டர் அதைப் பொடியாக்கிக் கீழே இருக்கும் செம்மண்ணோடு கலந்துவிடும். பொடியான மண்மேல் ஒரு நல்ல மழை அடித்தால் மேலே ஒரு ஏடு படிந்து தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடையைப் பார்த்து ஓடும், போகும்போது மண்ணையும் கொண்டுபோகும். இதை நான் பார்த்துப் பட்டவன். 2021 நவம்பரில் நம் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட மழைக்கு இரண்டு மாதம் முன்னால் என்னுடைய 12 சென்ட் சரிவை நன்றாக உழுது வைத்திருந்தேன், மழை விட்டதும் போய்ப் பார்த்தால் கல்லும் வேருமாகக் கிடந்தது, கறுத்த மண் முழுவதும் தாழ்ந்த நிலத்துக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே அதே சரிவில் கொல்லாமாவு (முந்திரி) மரச் சருகு மூடிக்கிடந்த இடத்தில் ஒரு பிடி மண்கூடப் போகவில்லை. அன்றிலிருந்து அந்த விளையில் உழவே இல்லை.

இன்னொரு காரணம், மண்ணுக்குள்ளே இருக்கும் கட்டுமானம். மண்புழு போட்ட துளைகள், செத்த வேர் மக்கி விட்டுப்போன குழாய்கள், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையின் நூலிழைகள் எல்லாம் சேர்ந்துதான் மண்ணைக் கட்டிகளாகப் பிடித்து வைக்கின்றன. உழுதால் ஒரே நாளில் அறுந்துவிடும். மண்ணைக் கிளறிக் காற்றுப் பட வைத்தால் மக்கு வேகமாகச் சிதைந்து காற்றோடு போகும், நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஆழத்தில் உறங்கிக் கிடக்கும் களை விதைகளுக்கு வெளிச்சம் காட்டுவதும் உழவுதான். நீங்கள் யாருக்காக இந்த இடத்தை விடுகிறீர்களோ அவர்களையும் நினைத்துப் பாருங்கள். கூட்டமாக வாழாத தேனீ வகைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. தக்காளிப் பூவிலும் துளசியிலும் விர்ரென்று வந்து நிற்கும் நீலப்பட்டைத் தேனீயின் குஞ்சுகள் சில விரல்கட்டை ஆழத்தில்தான் இருக்கும், ரோட்டவேட்டரின் கத்தி போவதும் சரியாக அந்த ஆழத்துக்குத்தான்.

சரி, எப்படிச் செய்வது? ரப்பர் குற்றிகளை (வெட்டிய அடிமரங்களை) தோண்டாதீர்கள், அப்படியே மக்கட்டும். ரப்பருக்காகச் சரிவில் படிபடியாக வெட்டிய பழைய தட்டுகளும் மழைநீர்க் குழிகளும் இருந்தால் தூர்ந்ததைச் சரிசெய்யுங்கள், அந்த அளவுக்கு மம்பட்டி போடுவதில் தவறில்லை. மண்ணை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள், ரப்பர் நின்ற மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மையோடுதான் இருக்கும். சுண்ணாம்போ டாலமைட்டோ போடச் சொன்னால் மழைக்கு முன்னால் மேலாகவே தூவுங்கள், இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து. உழுது கலப்பதைவிட மெதுவாகத்தான் இறங்கும், பரவாயில்லை.

மே மாதக் கோடைமழை இரண்டு பெய்து மண் நனைந்ததும், 25 சென்டுக்கு மூன்று கிலோ சணப்பை, மூன்று கிலோ தட்டைப்பயறு, ஒரு கைப்பிடி எள் என்று கலந்து நிற்கும் களைக்குள் விசிறுங்கள். பிறகு களையைத் தரையோடு வெட்டி அதன்மேல் சாய்த்து விடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், அது மண்ணுக்குள்ளேயே மக்க வேண்டும். விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும், அதனால் சருகு கனமாகக் கிடக்கும் இடத்தில் ஒரு குச்சியால் லேசாகக் கிளறி விதையைக் கீழே இறக்குங்கள். இப்படி மண்ணை மூடிக்கிடக்கும் மூடாக்கு கைத்தண்டை கனத்துக்கு ஏறிவிட்டால் சின்ன விதை வெளியே வராது. சணப்பை பூக்கத் தொடங்கும்போது, சுமார் 45 நாளில், முக்கால் பங்கை வெட்டி அங்கேயே போடுங்கள், கால் பங்கைப் பூவுக்கு விடுங்கள். பயறு தானாகப் படரட்டும்.

குருவிக்கான தானியம் இரண்டாம் மழை முடியும் பருவத்துக்கு. தினையும் சாமையும் அக்டோபர் மழையில் கதிர் பிடித்தால் சாய்ந்து பூசணம் பிடித்துவிடும். நவம்பர் பாதியில் மழை தணிந்துவரும்போது விதைத்தால் பிப்ரவரியில் காய்ந்த வெயிலில் முற்றும், அப்போது புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அறுக்காதீர்கள். தாளும் வேரும் நிற்கட்டும், அடுத்த மே மாதம் அதற்குள்ளேதான் மறுபடி விதைக்கப் போகிறீர்கள். ஓரங்களில் ஒரு அத்தி, ஒரு வட்டக்கண்ணி, வேலிக்குச் சீமைக்கொன்னை (கிளைரிசிடியா). சீமைக்கொன்னையை வருடத்துக்கு இரண்டு தடவை கழித்து இலையைத் தரையில் போடுங்கள், அதைவிட மலிவான உரம் கிடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரப்பர்க்காரர்கள் சிலர் முக்குனா கொடியை மூடுபயிராகச் சொல்வார்கள். மண்ணை மூடுவதில் அது கெட்டிக்காரக் கொடிதான், ஆடுமாடும் தொடாது. ஆனால் ஓடைக்கரையில் விட்டால் மரத்தில் ஏறி மூடிவிடும், அங்கிருந்து காட்டுக்குள் போனால் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: உழாமல் விதைப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர் வசதிக்குச் சரி, நம் வயலில் நடக்குமா? தேரூர் பக்கம் இரண்டு ஏக்கர் நெல். கும்பப்பூ (மாசி வாக்கில் அறுக்கும் நெல்) அறுத்தபிறகு வயலில் கொக்கும் நாரையும் வருவது எனக்குப் பிடிக்கும். – ஒரு வாசகர்

பதில்: நம் ஆட்கள் இதை எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள் ஐயா. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விசிறிவிடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ. உழவு கிடையாது, தனிப் பாசனமும் பெரும்பாலும் கிடையாது, பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளைந்துவிடும். கும்பப்பூவுக்கும் அடுத்த போகமான கன்னிப்பூவுக்கும் நடுவில் உங்கள் வயலிலும் இதைச் செய்யலாம். இயந்திரம் வைத்து அறுத்தால் அதன் சக்கரம் முளையை நசுக்கிவிடும், அதனால் அறுத்த மறுநாளே ஈரம் காயும் முன் விதைத்து வைக்கோலை மெல்லிசாகப் பரப்புங்கள்.

தாளை மட்டும் கொளுத்தாதீர்கள். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, ஆனால் பறவைகள் குளத்தில் மட்டும் மேய்வதில்லை, பக்கத்து வயல்களும் சேர்ந்துதான் அவற்றுக்குச் சாப்பாட்டு இடம். சிந்திய நெல்லும் தாளடியில் இருக்கும் பூச்சியும் நத்தையும் அவற்றுக்கு வேண்டும். நாலு பக்கமும் பயறு போட்டுவிட்டு, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலை ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அருமனைப் பக்கம் 30 தேன்பெட்டி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தே கட்டுப்படியாகவில்லை. அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, தேனீக்கு என்ன வைக்கலாம்? – ஒரு தேனீ வளர்ப்பாளர்

பதில்: நம் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இலை உதிர்ந்து ஜனவரிக்குப் பிறகு துளிர் வரும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு முனையிலிருந்து மது சுரக்கிறது. அது தீர்ந்தால் பெரிய வரவு முடிந்தது, மகரந்தமோ அதில் கிடையவே கிடையாது. அதனால் உங்களுக்கு வேண்டியது ஜூன் முதல் செப்டம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்துக்கொண்டிருக்கும் நிலம். அதற்கு முதல் வேலை, சும்மா கிடக்கிறது என்று நினைக்கும் அந்த அரை ஏக்கரைச் சுத்தம் செய்யாமல் இருப்பது. தும்பை, தொட்டாச்சிணுங்கி, துளசி, நாயுருவி எல்லாம் தேனீக்குச் சோறு, தொட்டாச்சிணுங்கி மகரந்தத்தை விடியற்காலையில் எப்படிச் சுமந்து வருகின்றன என்று பெட்டி வாசலில் நின்று பார்த்திருப்பீர்கள். நிலத்தை நாலு பட்டையாகப் பிரித்து, மாதம் ஒரு பட்டை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்டி அங்கேயே போடுங்கள். ஒன்று வெட்டுப்படும்போது மூன்று பூத்து நிற்கும், வெட்டியது மண்ணை மூடும். இடைவெளி தெரியும் இடங்களில் துவரை, தட்டைப்பயறு, எள் விதையுங்கள். வரப்பில் முருங்கையும் முள்முருங்கையும் நடுங்கள், முள்முருங்கை பூத்தால் தேன்சிட்டும் வரும்.

தென்னை பக்கத்தில் இருந்தால் மகரந்தத்துக்குக் குறைவிருக்காது. பாகு கொடுப்பது முழுவதும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், அடைமழை நாளில் பூ இருந்தும் தேனீ வெளியே போகாது. செலவு குறையும்.

கேள்வி: பூதப்பாண்டிக்கு மேற்கே காட்டை ஒட்டி நிலம். இப்படிப் பயிர் வைத்தால் பன்றியும் யானையும் வராதா? – ஒரு வாசகர்

பதில்: வைப்பதைப் பொறுத்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் பெரிய விலங்குக்குத் தீனி வைப்பது நல்ல எண்ணத்தில் செய்தாலும் கெடுதல்தான். ஒருமுறை ருசி கண்ட யானை பக்கத்து வீட்டு வாழைக்கும் போகும், கடைசியில் அடிபடுவது அந்த யானையும் அந்த வீட்டுக்காரரும். குமரி வனவிலங்கு சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது, அவற்றின் சாப்பாடு அங்கே இருக்கிறது. உங்கள் நிலத்தில் மரச்சீனி (மரவள்ளி), சேம்பு, வாழை, பலா எதையும் காட்டோரமாக வைக்காதீர்கள், உப்புக்கட்டியும் வைக்காதீர்கள். பூச்செடி, சின்ன தானியம், சின்னப் பழம் தரும் மரங்கள் போதும். மண் வளமானால் மண்புழு பெருகும், அதைத் தேடிப் பன்றி கிளறும் என்பதும் உண்மை, அதனால் கனத்த மூடாக்கை வீட்டுப் பக்கம் வையுங்கள், காட்டுப் பக்கம் புல்லும் தும்பையுமாக விட்டுவிடுங்கள். மின்வேலியில் நேரடியாக மின்சாரம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

கேள்வி: எத்தனை நாளில் மண் தேறும்? தேறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: மேல்மண்ணில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வருடமாவது ஆகும் மகளே. பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்கு. உழுத மண் சில நிமிடத்தில் கரைந்து சேறாகும், தேறிய மண் அப்படியே நிற்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். இன்னொன்று, இரண்டு பக்கமும் வெட்டிய டப்பாவை மண்ணில் இரண்டு விரல் ஆழம் அழுத்தி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வை. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இடத்தை மாற்றாமல் செய்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் மாவட்டத்தில் நல்ல இடம் இருக்கிறது. உன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பழைய காவு (கோயில் காடு) இருந்தால் போய், அங்கே சருகை விலக்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார், முகர்ந்தும் பார். யாரும் உழுததில்லை, யாரும் உரம் போட்டதில்லை, கையில் பஞ்சு மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு மண்ணை அங்கேயே போட்டு, விலக்கிய சருகை மூடிவிட்டு வா.