விபத்தில் நசுங்கிய ஹைப்ரிட் காரின் (என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) பெரிய பேட்டரியைக் கண்டு மீட்புப் படையினர் ஏன் அவ்வளவு தயங்குகிறார்கள்?

தேங்கிய ஆற்றல்தான் காரணம். அதாவது, இணைப்பைத் துண்டித்த பிறகும் பேட்டரி செல்களுக்குள் மிஞ்சியிருக்கும் மின்சாரம். குழாயை மூடினால் தண்ணீர் வருவது நிற்கும், மேல்நிலைத் தொட்டி காலியாகிவிடாது. அதே கதைதான் இங்கேயும்.

வண்டியை அணைத்து, தனியாக இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினால், ரிலே எனும் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்து, உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற கேபிள்களுக்குப் பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் போவது நிற்கும். அதுவும் உடனே இல்லை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் காலியாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகும் அந்தக் கேபிளை வெட்டக் கூடாது. பேட்டரிப் பெட்டிக்குள்ளோ, பல ஹைப்ரிட்களில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே இருக்கும்.

லித்தியம் அயான் செல் நசுங்கி உள்ளே ஷார்ட் ஆனால் சூடேறும், அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்கும் தாவும். அணைத்த தீ பல மணி நேரம், ஏன், நாட்கள் கழித்துக்கூட மீண்டும் பற்றலாம். இழுத்துச் சென்ற வண்டியைக் கட்டடங்களிலிருந்து 15 மீட்டராவது தள்ளி நிறுத்தச் சொல்வது இதற்குத்தான். புகையும் நச்சு, சுவாசக் கருவி இல்லாமல் கிட்டே போகக் கூடாது.

அப்புறம், என்ஜின் சத்தம் இல்லையென்றால் வண்டி அணைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஹைப்ரிட் கார் கிளம்பத் தயாராக இருக்கும்போதும் சத்தமே இல்லாமல் நிற்கும்; டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.