விக்கா, விட்ச்கிராஃப்ட் கற்க இணையத்தில் நல்ல பள்ளிகள் இருக்கின்றனவா? எங்கிருந்து தொடங்குவது?

இருக்கின்றன. (புதியவர்களுக்கு: விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் உருவான, இயற்கையைப் போற்றும் மதம்; விட்ச்கிராஃப்ட் என்பது சூனியக் கலை, மந்திரப் பழக்கம்.) ஆனால் பள்ளி என்று பலகை மாட்டியவற்றில் பலவும் வெறும் கடை. இந்தக் கேள்வியைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் சூடேறும். ஏனென்று கீழே வருகிறது.

உங்கள் நிலையை நானே ஊகித்துக்கொள்கிறேன். இதைப் பற்றிப் பேச அருகில் ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். இரவெல்லாம் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, இனி ஒழுங்காகப் படிக்கலாமே என்ற இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் மேலே படியுங்கள். விட்டுப்போனவரைத் திரும்ப வரவழைக்க வேண்டும், மேலாளருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்டிருந்தால் என்னிடம் சரக்கு இல்லை. தனிச்செய்தியிலும் இல்லை.

"மூடநம்பிக்கையைப் பரப்புகிறாயா" என்று கருத்துப் பெட்டிக்குக் கிளம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மந்திரம் பலிக்குமா பலிக்காதா என்று இங்கே நான் வாதாடவில்லை. விக்கா ஒரு மதம். எந்த மதத்தையும் ஏற்காதவர் என்றால் இதையும் ஏற்க வேண்டாம், நமக்குள் தகராறே கிடையாது. மதம் மாற்ற வந்துவிட்டான் என்பவர்களுக்கு: விக்காவில் ஆள் பிடிக்கும் வழக்கமே இல்லை. தேடிப் போய்க் கேட்டாலும் பல குழுக்கள் திருப்பி அனுப்பிவிடும்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். (பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே நான் பெயர் சொல்லும் எதுவும் அது இல்லை.) மூன்று படிநிலைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், முடிவில் பொன்னிற முத்திரையோடு சான்றிதழ். முதல் படிநிலைத் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள்தான். தவறினால் அந்த நிமிடமே மறுபடி எழுதலாம், அதே வினாக்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். மெழுகுவர்த்தி நிறங்கள், நிலவின் கட்டங்கள், சடங்குக்கு முன் வட்டமிடும் முறை என்று பாடங்கள் ஒன்றும் மோசமில்லை.

வரலாற்றுப் பாடத்தில்தான் வந்தது வினை. நேரலை வகுப்பு. விக்கா கற்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் மதம், அதைப் பின்பற்றிய 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் உயிரோடு எரித்தார்கள் என்றார் ஆசிரியை. நான் உரையாடல் பெட்டியில் பணிவாகத்தான் எழுதினேன். இன்றைய வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் வரைதானே? அதில் ஆண்களும் உண்டே, ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஆண்கள்தானே? இங்கிலாந்தில் எரிக்கவில்லையே, தூக்கில்தானே போட்டார்கள்? கொல்லப்பட்டவர்கள் ஏதோ ரகசியப் பழைய மதத்தினர் என்பது 1921-ல் மார்கரெட் மர்ரே எழுதிய நூலால் பரவிய கருத்து, பின்னால் ஆதாரமில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கைவிட்டது. நாம் படிக்கும் விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர், மலாயாவில் சுங்க அதிகாரியாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். சூனியம் பற்றிய 1735-ஆம் ஆண்டுச் சட்டத்தை பிரிட்டன் 1951-ல் நீக்கியது. 1954-ல் விட்ச்கிராஃப்ட் பற்றிய கார்ட்னரின் புத்தகம் வெளிவந்தது. இவ்வளவையும் கேள்வியாகவே கேட்டேன். கூடவே வரலாற்றாசிரியர் ரானல்ட் ஹட்டனின் பெயரையும் போட்டேன்.

"உங்கள் அதிர்வு எதிர்மறையாக இருக்கிறது, வட்டத்தின் ஆற்றலைக் குலைக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. கண்முன்னே என் செய்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறுநாள் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பணம் மட்டும் அடுத்த மாதமும் அட்டையிலிருந்து ஒழுங்காகப் போனது.

இந்தச் சந்தா விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். சேருவதற்கு ஒரே பொத்தான், அதுவும் திரை நிறைய. விலகுவதற்குப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். "நிச்சயமாகவா?" என்பார்கள். "ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?" என்று அழும் பொம்மை வரும். பாட்டுக் கேட்கும் செயலி முதல் உடற்பயிற்சிச் செயலி வரை எல்லோரும் இதே வேலைதான். கடைசியில் வங்கியில் சொல்லி அட்டையையே மாற்றினேன். தியானமும் தர்மமும் போதிக்கும் இடத்திலாவது விலகும் வழியைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பள்ளியை எடைபோட வேண்டுமென்றால் அதன் வரலாற்றுப் பாடத்தை முதலில் படித்துப் பாருங்கள். கார்ட்னர், அவருடைய சடங்குகளைத் திருத்தி எழுதிய டோரீன் வாலியன்டே, அலெக்சாண்ட்ரியன் மரபைத் தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ் ஆகிய பெயர்கள் அங்கே இருக்கின்றனவா? கார்ட்னரின் சடங்கு நூலில் ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் க்ரௌலியின் வரிகள் நிறைய இருந்ததையும், 1953-ல் தீட்சை பெற்ற வாலியன்டே அவற்றைக் களைந்து தன் கையால் எழுதிச் சேர்த்ததையும் சொல்கிறார்களா? இருபதாம் நூற்றாண்டில் உருவான மதம் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிடக்கூடிய விஷயத்திலேயே கதை விடுகிறவர், சரிபார்க்க வழியே இல்லாத விஷயங்களில் என்ன சொல்லித்தருவார் என்று யோசியுங்கள்.

அடுத்து தீட்சை. கார்ட்னர் வழிவந்த கார்ட்னேரியன், சாண்டர்ஸ் வழிவந்த அலெக்சாண்ட்ரியன் மரபுகளில் தீட்சை என்பது கோவன் என்னும் சிறு குழுவுக்குள், ஆள் ஆளுக்கு நேரில் தருவது. இணையத்தில் "கார்ட்னேரியன் முதல் நிலை, கட்டணம் இவ்வளவு" என்று பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அங்கே தீட்சைக்குக் காசு வாங்குவதே வழக்கத்துக்கு விரோதம். ரேமண்ட் பக்லண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருந்தபடி கார்ட்னரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். ஆனால் தீட்சைக்கு பிரிட்டனுக்குப் பயணம் போகத்தான் வேண்டியிருந்தது. அதே பக்லண்ட் 1970-களில் சீக்ஸ்-விக்கா என்ற மரபைத் தொடங்கியபோது, ஒருவர் தனக்குத்தானே தீட்சை அளித்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டார். குழுவில் சேராமல் தனியாகப் பயில்பவர்களுக்கு அது பெரிய கதவு.

இங்கே ஓர் எச்சரிக்கை, குறிப்பாக வயதில் இளையவர்களுக்கு. சில மரபுகளில் ஆடையின்றிச் சடங்கு செய்யும் பழக்கம் உண்டு. அதைச் சாக்காக வைத்து, கேமரா முன் அப்படி நில், படம் அனுப்பு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய் என்று எவராவது கேட்டால் அது தீட்சை இல்லை. இணைப்பைத் துண்டியுங்கள், புகார் கொடுங்கள்.

தொலைவிலிருந்து படிப்பதையே நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு நல்ல பரம்பரை உண்டு. அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய சர்ச் அண்ட் ஸ்கூல் ஆஃப் விக்கா அஞ்சல் வழியாகவே பாடம் நடத்தியது. வர்ஜீனியாவில் ஒரு கைதி சிறையிலிருந்தே அந்தப் பாடங்களைப் படித்தார். சடங்குக்கு மெழுகுவர்த்தி, உப்பு, சாம்பிராணி, வெள்ளை அங்கி கேட்டு வழக்குப் போட்டார். 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பொருட்களைத் தர மறுத்தது. ஆனால் விக்கா சட்டப் பாதுகாப்புக்கு உரிய மதம்தான் என்று ஒப்புக்கொண்டது. அஞ்சல்வழி மாணவர் ஒருவர் வாங்கித்தந்த அங்கீகாரம்! எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

பெயர்கள் கேட்டீர்கள். செர்ரி ஹில் செமினரி அமெரிக்காவில் இருந்து இணையவழி நடப்பது. பேகன் (விக்கா, ட்ரூயிட் போன்ற இயற்கை வழிபாட்டு மதங்கள்) சமயப் பணியாளர்களுக்கான கல்வி, வாசிப்பும் எழுத்தும் அதிகம், மந்திரக் குறிப்புகளைத் தேடிப் போனால் ஏமாறுவீர்கள். ஓபரான் ஸெல் 2004-ல் தொடங்கிய க்ரே ஸ்கூல் ஆஃப் விஸார்ட்ரி மதம் சாராதது, விளையாட்டுத்தனமும் உண்டு. விக்கா இல்லாமல் ட்ரூயிட் வழி (பழங்கால கெல்ட் பூசாரிகளின் பெயரால் இன்று நடப்பது) உங்களுக்கு ஒத்துவருமென்றால் இங்கிலாந்தின் ஓபாட் அமைப்பு வழிகாட்டி ஒருவரோடு தொலைவழிப் பாடம் தருகிறது. இவர்களிடமும் முதலில் கட்டண விதியைப் படித்துவிட்டே சேருங்கள், சூடுபட்டவன் சொல்கிறேன்.

காசே செலவழிக்காமல் தொடங்க வேண்டுமா? சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் என்ற இணையக் காப்பகத்தில் அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் லேலண்டின் 1899-ஆம் ஆண்டு நூலான 'அரேடியா' முழுதாகக் கிடைக்கிறது. விக்கா சடங்குகளின் சில வரிகள் அங்கிருந்து வந்தவைதான். வரலாற்றுக்கு ஹட்டன் 1999-ல் எழுதிய ஆய்வுநூல். தடிமனானது, ஆனால் அதற்கு மாற்றில்லை. தனியாகச் செய்து பார்க்க ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-ல் எழுதிய கையேடு. அவரை மேலோட்டம் என்று பழம்பெருச்சாளிகள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். எனக்கு அந்தக் கட்டணப் பள்ளி தராததை அது தந்தது.

நாட்காட்டியிலும் கண் வையுங்கள். விக்காவின் எட்டுத் திருநாட்கள் பிரிட்டனின் பருவங்களை ஒட்டியவை. அக்டோபர் 31-ல் ஸவ்வின் (இறந்தோரை நினைக்கும் திருநாள்) என்றால் அங்கே இலையுதிர்காலம்; அதே நாளில் ஆஸ்திரேலியாவில் வசந்தம். அதனால் ஆஸ்திரேலியாவில் பலர் இந்தத் திருநாள் சக்கரத்தை ஆறு மாதம் தள்ளி ஏப்ரல் இறுதியில் ஸவ்வின் கொண்டாடுகிறார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்கு நான்கு பருவமே பொருந்தாது. இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாமல் தேதிப் பட்டியலை நீட்டும் பாடத்திட்டம் எங்கிருந்தோ நகலெடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூலிகைப் பாடத்தை மட்டும் காணொளியிலோ, ஆசிரியர் யாரென்றே தெரியாத மின்னூலிலோ படித்துச் செய்து பார்க்காதீர்கள். சூனியக்காரிகள் பறக்கப் பூசிக்கொண்டதாகச் சொல்லப்படும் பழைய 'பறக்கும் தைலம்' செய்முறைகளில் வரும் பெல்லடோனா, அகோனைட் என்ற செடிகள் உயிரை எடுக்கக்கூடிய நஞ்சு, அகோனைட் தோல் வழியாகவும் உடலில் ஏறும். புதினா வகைச் செடியான பெனிராயலின் எண்ணெய் சிறிதளவு உள்ளே போனாலும் கல்லீரலைக் கெடுத்துவிடும். அதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். இயற்கையானதுதானே என்று யாராவது சமாதானம் சொன்னால், அந்த வகுப்பில் அந்த ஒரு பாடத்தைத் தள்ளிவிட்டு மீதியைப் படியுங்கள்.